கெஜாப் என்னும் கால அளவு

1. நான்காம் விதி

“ஒதுங்குமிடத்தில் எந்த வாகனத்தையும், எக்காரணம் கொண்டும், எவ்வளவு குறுகிய நேரத்துக்கும் நிறுத்தக் கூடாது.”

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் சாலை விதிகளில் இது நான்காவது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழிலும் மலாயிலும் எழுதி ஆபீஸ் பலகையில் ஒட்டியவன் நான். “எவ்வளவு குறுகிய நேரத்துக்கும்” என்ற சொற்கள் தேவையில்லாதவையாக எனக்குப் பட்டன. மூலத்தில் இருந்ததால் விட்டுவைத்தேன்.

மலேசியாவின் கேமரன் மலையில் அந்தத் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றேன். பாதுகாப்புக் குழுவுக்கும் நானே செயலாளர். அதாவது, விபத்து நடந்து முடிந்த பிறகு கூட்டம் கூட்டுகிறவன். இப்போது தோட்ட ஆபீஸ்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் விதிப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்காக இந்த ஒரு விதிக்கு நேர்ந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் சாலை ஒரு லோரி போகிற அகலம். எதிரில் வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்காக வளைவுகளில் மலையைக் குடைந்து இடம் விட்டிருந்தார்கள். கீழேயிருந்து கொழுந்து லோரி ஏறி வருவதை இறங்குகிற டிரைவர் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஆகவே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற வளைவுகளாகத் தேர்ந்தெடுத்துத்தான் பழைய துரைமார் ஒதுங்குமிடம் போட்டார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற இடத்தில் போட்டோவும் நன்றாக விழும். எங்களுக்கு வந்த தொல்லை முழுவதற்கும் காரணம் அந்த நல்ல எஞ்சினியரிங்.

2. குறுக்குவழி

கியா பார்ம் சந்தைப் பக்கம் சனி, ஞாயிறுகளில் காடிகள் (கார்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நகராது. காய்கறிக் கடையும் ஸ்ட்ராபெரியும் பார்க்க வருகிற கூட்டம். அது எப்போதும் இருப்பதுதான். நெடுங்காலம் அந்தக் கூட்டம் பெரிய சாலையோடு நின்றது. பிறகு கைபேசியின் மேப் எங்கள் தோட்டச் சாலையைக் கண்டுபிடித்தது. யாருக்கும் தெரியாத குறுக்குவழி இது என்று எல்லாருக்கும் சொன்னது.

வந்தவர்கள் வளைவில் திரும்பினார்கள், பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள், ஒதுங்குமிடத்தில் காடியை நிறுத்தினார்கள். தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி நின்று போட்டோ எடுத்தார்கள். காடியை எடுக்கச் சொன்னால் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடு இல்லாமல் ஒரே பதில் வந்தது.

“கெஜாப் லா, அங்கிள்!”

கெஜாப் என்றால் மலாயில் ஒரு கணம். அகராதி அப்படிச் சொல்கிறது. எங்கள் சாலையில் அது ஒரு செல்ஃபி எடுக்கிற நேரத்திலிருந்து ஒரு கல்யாண ஆல்பம் எடுக்கிற நேரம் வரை நீளும். ஒருவருடைய கெஜாப் முடிகிற இடத்தில் அடுத்தவருடையது தொடங்கும். தனித்தனியாகப் பார்த்தால் யாருமே அதிக நேரம் நிற்கவில்லை. ஒதுங்குமிடம் மட்டும் காலையிலிருந்து மாலை வரை காலியாகவில்லை.

3. மணியமும் லெட்சுமியும்

மணியம் எங்கள் பேக்டரியில் பிட்டர். ரோலர், டிரையர் எல்லாம் அவன் பொறுப்பு. பத்து மணி டீக்கு ஆபீசுக்கு வருவான்; வந்தால் வாக்குவாதம்தான். பெரும்பாலும் கணக்கு. நாலு நம்பர் லாட்டரியில் நெடுநாள் வராத எண் சீக்கிரம் வந்தே தீரும் என்பது அவன் கட்சி.

“நம்பருக்கு ஞாபகம் கெடையாது, மணியம். போன வாரம் வரலங்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?”

“ஒனக்கு மட்டும் ஞாபகம் இருக்காய்யா? என் ஸ்க்ரூ டிரைவர வாங்கிட்டுப் போயி எத்தன மாசமாச்சு?”

அவனிடம் தோற்பது இப்படித்தான் இருக்கும்.

அவன் மனைவி லெட்சுமி கொழுந்து எடுத்தவள். சிறுநீரகம் கெட்டுப்போய் வேலையை விட்டாள். டவுனில் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, மத்தியான வேளையில் நாலு மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும். இவள் இறங்கியதும் ஏறுவதற்கு இன்னொருவர் காத்திருப்பார். தாமதமாகப் போனால் தாமதம் அவளுடைய நேரத்தில்தான் கழியும். சனிக்கிழமை கழிந்தால் இன்னும் கெடுதல். ஞாயிறும் திங்களும் மெஷின் கிடையாது, உடம்பில் சேருகிற தண்ணீர் செவ்வாய்க்கிழமை வரை உடம்பிலேயே இருக்கும். இதை நர்ஸ் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமையில்தான் சாலை அடைத்தது.

ஆனாலும் மணியம் மேப்பின் பக்கம்தான் பேசினான். புதுக் கைபேசி வாங்கியிருந்தான். “கிராணி, மேப்பு பொய் சொல்லாது. நம்ம ரோட்டுல சராசரியா ரெண்டு மூணு நிமிஷந்தான் லேட்டாவுதுன்னு காட்டுது. நீ என்னமோ ஊரே பத்திக்கிட்டு எரியற மாதிரி பேசுற.”

“வாரம் பூரா ஓடுற காடியெல்லாம் சேத்து வகுத்தா அப்படித்தான் காட்டும். சராசரியில யாரும் ஆஸ்பத்திரிக்குப் போறதில்ல, மணியம். லெட்சுமி சனிக்கிழம போறா.”

அவன் டீயைக் குடித்துவிட்டுப் போனான். அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு, சாப்பிடக்கூட விடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்று பார்த்துச் சாலை காலி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முறை வரும்வரை காத்திருந்தாளாம். “சீக்கிரம் போனா மெஷின் காலியா இல்லங்கிறாங்க. லேட்டாப் போனா மெஷின் காத்திருக்காதுங்கிறாங்க. மெஷினுக்கு இருக்கிற கிராக்கி எனக்கு இருந்திருந்தா இந்த மனுசனக் கட்டியிருப்பனா, கிராணியண்ணே?” என்றாள். மணியம் சிரித்தான். அவள் கால் வீங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

4. நடைமுறைப்படி

என்னிடம் ஒரு குறை சொன்னால் அதற்குரிய வழி எது என்று எனக்குத் தெரியும். எல்லா வழியிலும் போனேன்.

நாலு மொழியில் போர்டு வைத்தேன். போர்டின் மேல் கைப்பையை மாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள். மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். தனியார் சாலை, எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்றார்கள். போலீசில் கேட்டேன்; அதே பதில், இன்னும் சுருக்கமாக. துரையிடம் போனேன். எங்கள் மேனேஜர் நம்மூர்ப் பிள்ளைதான், நாங்கள் இன்னும் துரை என்றே கூப்பிடுவோம்.

“கேட் போடணும்னா காவலுக்கு ஆள் போடணும், கிராணி. அப்புறம் கீழ நம்ம கம்பெனி டீக்கடைக்கு வர்ற விசிட்டரும் கொறஞ்சிடுவாங்க. ஹெட் ஆபீஸ்ல கேக்கறேன்,” என்றார்.

கேட்டாரா என்று நானும் பல முறை கேட்டேன். கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

மிச்சம் இருந்தது மேப் மட்டும்தான். அதில் தவறைத் தெரிவிக்க ஒரு பொத்தான் உண்டு. மணியத்தின் கைபேசியில் அதை அழுத்தி, இது தனியார் சாலை, வெளியார் வண்டிகளுக்கு வழி காட்ட வேண்டாம் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: பரிசீலிக்கிறோம், நன்றி.

“பாத்தியா? கவர்மெண்டு ஆபீஸ்ல இப்படி உடனே பதில் வருமா?” என்றான் மணியம், அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவன்போல.

அது மெஷின் அனுப்புகிற பதில் என்று சொன்னேன். அடுத்த மாதமும் எழுதினேன். அதே பதில், அதே வேகத்தில்.

5. பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை

சாலை அடைத்துவிட்டது என்று மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஒதுங்குமிடத்தில் ஒரு வெள்ளைக் காடி ஆளில்லாமல் நின்றது. கீழேயிருந்து கொழுந்து லோரி, மேலேயிருந்து மணியத்தின் பழைய காடி, இரண்டும் மூக்கோடு மூக்காக. லோரிக்குப் பின்னால் மேப்பை நம்பி வந்த வரிசை. லெட்சுமி முன் சீட்டில் தலையைச் சாய்த்திருந்தாள்.

காடிக்காரன் செடிகளுக்கு நடுவே நின்று சின்ன ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். கோலாலம்பூர்த் தமிழ்ப் பையன், முப்பது வயதிருக்கும். கூப்பிட்டதும் மரியாதையாகத்தான் மேலே வந்தான்.

“சாரி அங்கிள். ட்ரோன் எறங்கட்டும், கெஜாப்தான். வந்தே அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு.”

“ஒங்களுக்கு முன்னாடி நின்னவரும் அஞ்சு நிமிஷம்தான் சொன்னாரு, தம்பி,” என்றேன்.

“அவர் நின்னதுக்கு நான் எப்படி அங்கிள் பொறுப்பு?” அவன் கோபப்படவில்லை. “எனக்கு வேலையே இந்த டேட்டாதான். இந்த ஜாம்ல என் பங்கு எவ்வளவுன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. நான் எடுத்தாலும் அடுத்த காடி வந்து நிக்கும். ரிசல்ட் மாறாது.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அதில் இருந்த கொடுமை. மணியம் காடியை விட்டு இறங்கி வந்தான். அடைத்து நிற்பவனை அதட்டுவான் என்று நினைத்தேன். ஆனால் பையன் கணக்கு பேசிவிட்டான். மணியத்தின் முகத்தில் பத்து மணி டீயின் வெளிச்சம் வந்தது.

“அதெப்படி தம்பி ஒண்ணுமே இல்லன்னு சொல்றீங்க? ஒண்ணுமே இல்லாதத எத்தன தடவ கூட்டினாலும் ஒண்ணுமே இல்லாமத்தான வரணும்? இங்க ஜாம் வந்திருக்கே!”

“ஸீரோ இல்ல அங்கிள், ரொம்பச் சின்ன நம்பர். இக்னோர் பண்ணலாம்.”

“எவ்வளவு சின்னதுவரைக்கும் இக்னோர் பண்ணலாம்? அத யாரு முடிவு பண்றது?”

பையனும் சுவாரசியமாகிவிட்டான். கைபேசியை எடுத்து ஏதோ வரைந்து காட்ட ஆரம்பித்தான். ட்ரோன் எப்போதோ தரையிறங்கி நின்றது. லோரிக்காரன் ஹார்ன் அடித்தான்.

லெட்சுமி கண்ணாடியை இறக்கினாள். “ஏங்க! கணக்கு முடிஞ்சிச்சா? எனக்கு முடிஞ்சிரும் போலருக்கு.”

பையன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். ஓடிப்போய்க் காடியை எடுத்தான். போகிற போக்கில் ஒரு பெரிய மினரல் வாட்டர் பாட்டிலை ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுத்து, “சாரி ஆன்ட்டி, குடிங்க,” என்றான். அவளுக்குத் தண்ணீர் அளவுதான். அன்றைய அளவைக் காலையிலேயே குடித்துவிட்டாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “நல்லா இருப்பா,” என்றாள்.

அன்று அவளைச் சரிபாதி நேரம்தான் மெஷினில் வைக்க முடிந்தது. “என் கையில இல்ல ஆன்ட்டி, அடுத்த ஆள் காத்திருக்காரு,” என்றாளாம் நர்ஸ். செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக வரச் சொன்னாளாம்.

6. மணியத்தின் கேள்வி

திங்கட்கிழமை மாலை அவளுக்கு மூச்சுத் திணறியது. பெரிய சாலையில் அன்று நெரிசல் இல்லை. தோட்டச் சாலையிலும் ஒரு காடி இல்லை. ஆம்புலன்ஸ் தடையில்லாமல் வந்து, தடையில்லாமல் திரும்பியது. டவுனைத் தொடுவதற்குள் போய்விட்டாள்.

இருதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார். சரியான பதிவுதான். அவளுக்கு இருதயமும் பலவீனம், சர்க்கரையும் உண்டு. அந்தச் சனிக்கிழமை முழு நேரம் ஓடியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார், சொல்லவும் முடியாது. பாதுகாப்புக் குழுவின் விபத்துப் பதிவில் இதைச் சேர்க்கலாமா என்று துரையிடம் கேட்டேன்.

“சாலையில யாருக்கும் அடிபடலையே, கிராணி,” என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மணியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“கிராணி, அவளுக்குக் கொறச்ச நேரத்தையெல்லாம் கூட்டினா எவ்வளவுய்யா வரும்?”

“அதையெல்லாம் இப்ப ஏன் கேக்குற?”

“அந்தத் தம்பிகிட்ட நான் பேசிக்கிட்டிருந்ததையும் சேத்துச் சொல்லு.”

“மணியம், அவன் ட்ரோன எறக்குறவரைக்கும் நீ பேசினாலும் பேசாட்டியும் காடிய எடுத்திருக்க மாட்டான்.”

“ட்ரோன் முன்னாடியே எறங்கிடுச்சுய்யா. நான் பாத்தேன்.”

கூட்டல் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பத்து மணி டீக்கு அவன் ஆபீசுக்கு வந்ததில்லை. டிரையர் பக்கத்திலேயே நின்று குடித்துவிடுவான் என்று பேக்டரிப் பிள்ளைகள் சொன்னார்கள்.

7. பிள்ளைகளுக்கு

நான் கற்றது பெரியதல்ல. வழியை மறித்து நிற்பவரோடு நியாயம் பேசாதீர்கள். முதலில் வழியைத் திறக்கச் சொல்லுங்கள். பேச்சில் அவர் ஜெயிக்கலாம், நீங்கள் ஜெயிக்கலாம். பேசுகிற நேரம் இரண்டு பேருடையதும் அல்ல, பின்னால் வண்டியில் உட்கார்ந்திருப்பவருடையது. ஒதுங்குமிடத்தில் ஒரு ஆளை நிறுத்தாமல் விதியை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். நிர்வாகம் ஆள் தர மறுத்தால், மறுத்ததை எழுத்தில் வாங்குங்கள். பயன்படாமல் போகலாம். ஆனாலும் வாங்குங்கள்.

மேப் கம்பெனிக்கு எழுதியதற்கு ஒரு மனிதர் படித்து அனுப்பிய பதில் கடைசியில் வந்தது. மணியம் பாயில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் கைபேசி சத்தம் போட்டது. எடுத்துப் பார்க்காமலே என்னிடம் நீட்டினான். திருத்தம் ஏற்கப்பட்டதாம், இனி அந்தச் சாலையில் வெளியார் யாருக்கும் வழி காட்டப்படாதாம், பலருடைய நேரத்தை மிச்சப்படுத்த உதவியதற்கு நன்றியாம்.

“என்னவாம்?” என்றான் மணியம்.

“நம்ம ரோட்ட எடுத்துட்டாங்க.”

தலையை ஆட்டிவிட்டு, பூசாரி நீட்டிய எள்ளையும் தண்ணீரையும் கையில் வாங்கிக்கொண்டான்.

பதில் வந்த நாள்: லெட்சுமியின் பதினாறாம் நாள் கருமாதி, செவ்வாய்க்கிழமை.