கிணற்றுக்கு வழி விட்டிருந்தார்கள்

2024 மே 8, புதன்கிழமை. கோடை விடுமுறை. வழக்கம்போல விடியலில் எழுந்து, மாடியில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்து டைரியில் குறித்தேன். பால் வாங்கி வந்து காய்ச்சினேன். ஓட்டுப் போட்டுவிட்டு முடிவுக்காக எல்லோரும் காத்திருந்த நாட்கள் அவை. செய்தித்தாளில் கூட்டணிக் கணக்குகளைத் தவிர வேறொன்றும் இல்லை. துவைத்த துணிகளை மடித்து வைத்துவிட்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து ரிஷிவந்தியம் பஸ் ஏறினேன். அதற்கு அப்பால்தான் எங்கள் ஊர். மாதம் ஒரு புதன்கிழமை பெரியப்பாவைப் போய்ப் பார்ப்பது எனக்கு ஒழுங்கு.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். இளம் வயதில் விவசாயிகள் சங்கத்தில் இருந்தவர். பம்புசெட்டுக்குக் காசு கேட்காதே என்று மின்வாரிய ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, போலீஸ் வேனில் ஏறி, கல்யாண மண்டபத்தில் அடைபட்டு, அங்கே போட்ட சாம்பாரில் உப்பில்லை என்று அதற்கும் கோஷம் போட்டவர். பிற்பாடு இலவச மின்சாரம் வந்தது. ஆட்சிகள் மாறின, எந்தக் கட்சியும் அதில் கைவைக்கத் துணியவில்லை. "எவன் வந்தாலும் சரி, கரண்ட தொட்டான்னா அவன் டெபாசிட் காலி" என்பார். நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவன். நிலத்தடி நீர் இறங்குவதைப் பற்றியும் நிலக்கரிப் புகையைப் பற்றியும் பேச ஆரம்பித்தால், "வாத்தியாரே, புகைய பத்தி அப்பறம் பேசு. கரும்புக்கு தண்ணி இன்னைக்கி வேணும்" என்று முடித்துவிடுவார்.

அப்படிப்பட்டவர்தான் தன் பாகத்து நிலம் முழுவதையும் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேற்கே கல்வராயன் மலையில் மேகம் திரண்டால் எந்த வாரம் நாற்று விடலாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, கடைசி சில ஆண்டுகளாக மேகம் பிடிபடவில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, பிறகு ஒரே ராத்திரியில் கொட்டி மேல்மண்ணை அடித்துக்கொண்டு போனது. மகன்கள் பெங்களூரில் இருந்தார்கள். கரும்பு வெட்ட ஆள் கிடைக்கவில்லை. "மழ ஏமாத்துது, வெயிலு ஏமாத்தலியே. அதையாவது விப்போம்" என்றார். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. வகுப்பில் நான் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் குடும்பத்து நிலத்திலேயே நடக்கிறது என்று ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஆனால் அந்த நிலத்தின் நடுவில் கிணறு இருந்தது. மூன்று சகோதரர்களுக்கும் அது ஒன்றுதான். முறை வைத்து இறைப்போம். யாருக்கு எந்த நாள் என்பது வாய்ப்பேச்சுதான். என் அப்பாவும் சித்தப்பாவும் இறந்த பிறகு, எங்கள் பாகத்தையும் சேர்த்துச் சித்திதான் பயிர் செய்தார். அந்த ஆண்டு போட்டிருந்த கரும்பை நம்பி மகளை நர்சிங் படிப்பில் சேர்த்திருந்தார்.

பெரியப்பா அதை மறந்தவர் இல்லை. கிணற்றை விட்டுத் தரமாட்டேன், வண்டி போகிற அகலத்துக்கு வழி விட வேண்டும், கிணற்றடி வேப்பமரத்தை வெட்டக் கூடாது என்று கம்பெனிக்காரர்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். பத்திரத்தை நானும் படித்தேன். கண்ணாடித் தகடுகள் வரிசை வரிசையாக எழுந்த பிறகு, நடுவில் ஓடிய மண்பாதையைக் காட்டி, "பாத்தியா, வழி வுட்டுட்டுதான் கட்டிக்கினு இருக்கானுங்கோ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அன்று நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது சித்தி அந்தப் பாதையிலேயே எதிரே வந்தார். தோளில் மண்வெட்டி, காலில் ஈரம் இல்லை. "கரண்டு இல்லப்பா" என்றார். மும்முனை மின்சாரம் வரும் நேரம் தப்பியிருக்கும் என்று நினைத்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "கரண்டு கம்மின்னா காத்துக்கினு இருப்பேன். ஒயரே இல்ல."

போய்ப் பார்த்தேன். கம்பத்திலிருந்து மோட்டார் கொட்டகைக்கு வந்த கம்பியைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். பக்கத்துக் கம்பத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லைன்மேன் கீழே இறங்கி வந்து நிதானமாகச் சொன்னார்: "பெரியவரே எழுதிக் குடுத்திருக்காருங்க. நெலம் இப்ப கம்பெனி எடம். விவசாய சர்வீஸ் எப்புடி நிக்கும்?" குத்தகைக்குக் கையெழுத்துப் போட்ட அன்று நீட்டிய தாள்களுக்குள், மின் இணைப்பை ஒப்படைக்கிறேன் என்ற தாளும் ஒன்று. இணைப்பு பெரியப்பா பெயரில் இருந்தது. கிணறு, வழி, மரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிய மனிதருக்கு, கரண்டைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. படித்த எனக்கும் தோன்றவில்லை. இத்தனை காலம் சும்மா வந்துகொண்டிருந்ததால் அது பறிபோகக்கூடிய ஒன்றாகவே எங்கள் யாருக்கும் படவில்லை. எந்தக் கட்சியும் தொடத் துணியாததை யாரும் தொடவே இல்லை, அது போய்விட்டது.

அந்தக் கொட்டகையில் நின்றபோது நான்கு பக்கமும் தகடுகள் வெயிலை வாங்கிக்கொண்டிருந்தன. கண் கூசியது. அவ்வளவு மின்சாரத்துக்கு நடுவில் மோட்டார் செத்துக் கிடந்தது.

சித்தியையும் கூட்டிக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். "இதுல ஒரு ஒயர் இழுத்துக் குடுக்க எனக்கு அதிகாரமே இல்ல சார். எல்லாம் நேரா சப்ஸ்டேஷனுக்குப் போயிடுது. சென்னைக்குப் பக்கத்துல ஒரு ஃபேக்டரி கணக்குல எழுதுறாங்க. சோலார் கரண்டுல செஞ்சாத்தான் சரக்கு வாங்குவோம்னு அவங்களோட வெளிநாட்டுப் பார்ட்டி சொல்றான்." சித்தி கேட்டார்: "அவன் நல்லவன்தான். அவனுக்கு என் கரும்பு தெரியுமா?" சித்தி பெயரில் புது இணைப்பு கேட்கலாமா என்று நான் கேட்டேன். கிணறு இருக்கும் சர்வே எண்ணில் அவருக்குப் பங்கு உண்டு என்பதற்குத் தாள் இல்லை என்றார் மேனேஜர். உண்மைதான்.

பெரியப்பா வீட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை முதலில் நம்பவில்லை. "யார்கிட்ட கத வுடுற?" என்று சிரித்தார். சித்தி, கணவரின் அண்ணனை எப்போதும் மாமா என்பவர், "நெசந்தான் மாமா" என்றதும் சிரிப்பு நின்றது. கரண்டுக்காக ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்த மனிதர், தன் கையாலேயே அதை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. கடைசியில் சித்தியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நெலத்ததாம்மா குடுத்தேன். உன் தண்ணியக் குடுக்கல."

இப்போது பெரியப்பா இல்லை. சித்தி கரும்பு போடுவதை விட்டுவிட்டார். மழையை நம்பி மக்காச்சோளம். தகடுகள் பெருகி ஊர் எல்லை வரை வந்துவிட்டன. பருவநிலை மாற்றப் பாடத்தை இன்றும் நடத்துகிறேன். அதில் எந்த வரியும் பொய்யில்லை என்றே நம்புகிறேன். ஆனால் "தூய மின்சாரம்" என்று கரும்பலகையில் எழுதும்போது, யாருக்கு என்ற கேள்வி சாக்பீஸைப் பிடித்து நிறுத்துகிறது. மாநாடுகளில் நாடுகள் பங்கு பிரித்துக்கொள்கிற செய்தி வரும்போதெல்லாம், அந்த மேசையில் வாய்ப்பேச்சுப் பங்குக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறேன்.

அந்தப் புதன்கிழமை மாலையே பெரியப்பா கட்டிலை விட்டு எழுந்து, பக்கத்து ஊரில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் டீசலில் தண்ணீர் இறைக்கும் பழைய ஆயில் எஞ்சின் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். டிராக்டரில் ஏற்றி, கம்பெனி விட்டிருந்த அதே வழியில் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கினார். வாட்ச்மேன் தடுக்கவில்லை, வழி பத்திரத்திலேயே இருந்தது. நான் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலையில் வெப்பமானியைப் பார்க்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, சித்தியிடம் கேன் வாங்கி, பெரியப்பாவின் மொபெட்டில் டீசல் வாங்கப் போனேன்.