பிரிக்காத பொட்டலம்

விபத்துக் கோப்பு தயார் செய்ய நாமக்கல்லில் தனப்பிரியாவை மிஞ்ச ஆள் கிடையாது. லாரி இன்சூரன்ஸ் ஆபீசில் பதினோரு வருடமாக அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது, அதனால் சொல்கிறேன். பொய் சொல்லும் டிரைவரை இரண்டாவது கேள்வியில் பிடித்துவிடுவாள். "பிரேக்கே புடிக்கலீங்கறீங்க. அப்பறம் ரோட்டுல டயர் தேஞ்ச கோடு எப்படிங்ண்ணா வந்துச்சு?" என்று சாதுவாகக் கேட்பாள். அவர் தலையைச் சொறிவார்.

வக்கீல்களே அவளிடம் சந்தேகம் கேட்பார்கள். அவர்களில் ஒருவர்தான், "பி.காம். முடிச்சிருக்கற. இன்னொரு மூணு வருசம் சட்டம் படிச்சா நீயே கோட்டுப் போட்டுக்கலாமேம்மா" என்றார். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. அன்று பிடித்த ஆசை விடவில்லை. ஆனால் கல்லூரிக்குத் தினமும் போக வேண்டும், ஆபீஸ் வேலையை விட வேண்டும். எந்த வருடம் விடுவது? அதைத்தான் அவளால் முடிவு செய்ய முடியவில்லை. சாமியிடம் கேட்டாள்.

அவளுக்கு ஊர் பரமத்தி வேலூர். கணவர் வெங்கடாசலம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். அவர்கள் குடும்பத்தில் எதற்கும் பூக்கேட்பது வழக்கம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாக வெற்றிலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் முன்னால் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பொறுக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. சாமி மறைத்ததைப் பார்ப்பது குற்றமாம். அதை அப்படியே காவிரியில் விட்டுவிடுவார்கள்.

முதல் வருடம் சிவப்பு வந்தது. இரண்டு மாதத்தில் மாமியார் படுக்கையில் விழுந்தார். "சாமிக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குதுங்க்கா" என்றாள் தனம். இரண்டாம் வருடமும் சிவப்பு. மகளுக்குப் பத்தாம் வகுப்பு என்று அவளே காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். மூன்றாம் வருடமும் சிவப்பு வந்தபோது காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் என்னிடம்கூடச் சரியாகப் பேசவில்லை.

போன ஆனி மாதம் நானும் கோயிலுக்கு உடன் போனேன். விண்ணப்பிக்க மூன்று நாள்தான் பாக்கி. வழக்கம்போல வெங்கடாசலமே பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். வெற்றிலை மடிப்பதில் அவர் கை அப்படி. பூசாரி எடுத்துக் கொடுத்ததைத் தனம் பிரித்தாள். செவ்வரளி. அவள் இன்னொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினாள்.

படித்துறையில் மேய்ந்த வெள்ளாடு ஒன்று வெற்றிலை வாசனைக்கு வந்து, அவள் கையிலிருந்தே பொட்டலத்தைக் கவ்வி இழுத்தது. இலை கிழிந்தது. பூ கீழே கல்லில் விழுந்தது.

அதுவும் செவ்வரளி.

இரண்டிலும் சிவப்பு என்றால் எப்படி வெள்ளை வரும்? தனம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே படியில் வெங்கடாசலம் நின்றார். மழையென்றால் குடையோடு பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கும் மனுஷன். அவள் சத்தமாகத் தும்மினால் கஷாயம் வைப்பவர். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்தவர்.

"எத்தன வருசமாங்க?" என்று கேட்டாள் தனம். டிரைவர்களிடம் கேட்கும் அதே குரல்.

அவர் மழுப்பவில்லை. "நாலு வருசமும்" என்றார்.

"ஏனுங்க?"

"நீ படிக்க வேண்டாம்னு என் வாயால சொல்ல முடியல புள்ள. சொன்னா நீ கேப்பே, நின்னுருவே. அப்பறம் ஆயுசுக்கும் என்னையத்தான் நெனச்சு நோவே. சாமி சொன்னா மனசு ஆறிக்குவீன்னு..." தலையைக் குனிந்துகொண்டார். "நீ கோட்டுப் போட்டுட்டா, இந்தக் கொடிக்கால்காரங்கூட என்ன பேசுவேன்னு பயமா இருந்துச்சு."

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து அந்தப் பூவை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். மாமியார் விழுந்ததும் மகளின் பரீட்சையும் அந்த நேரம் அவள் மனதில் ஓடியிருக்க வேண்டும். பதினோரு வருடம் ஊரார் பொய்யைப் பிரித்துப் பார்த்தவள், தன் வீட்டில் கட்டிய அந்த இன்னொரு பொட்டலத்தை ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

அவர்தான் மெல்ல, "வேணும்னா நீயே கட்டி வெச்சு இன்னொருக்கா சாமியக் கேட்டுப் பாரு" என்றார்.

"இன்னொருக்காவா? நான் சாமிய இதுவரைக்கும் கேக்கவே இல்லீங்க. நாலு வருசமா உங்களத்தான் கேட்டிருக்கறேன்" என்றாள் தனம்.

பிறகு என் பக்கம் திரும்பி, ஆபீஸ் சாவி கையில் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அடுத்த நாமக்கல் பஸ்ஸில் ஏறினோம். சான்றிதழ்கள் நாலு வருடமாக அவள் மேசை இழுப்பறையில்தான் கிடந்தன. விண்ணப்பத்தை நான் டைப் செய்தேன். அனுப்பும் பொத்தானை மட்டும் அவளே அழுத்தினாள்.