கழற்ற முடியாத சிம்

பிலோமினா பெங்களூரு காக்ஸ் டவுனில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவள். போன் வந்தால்தான் வேலை. கணவன் அலெக்ஸ் அடிக்க மாட்டான். கோபம் வந்தால் அவள் சிம்மைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். போன வாரம் இரண்டு நாள் அப்படிப் போனதில், ஒரு வீட்டில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவள் செல்போன் கடைக்குப் போனாள்.

"இதுல இ-சிம் போடலாம்க்கா. போனுக்குள்ளயே இருக்கும், யாரும் கழட்ட முடியாது," என்றாள் கடைக்காரப் பெண் ரக்ஷிதா. "ஆனா போன் உடைஞ்சா, சாதா சிம் மாதிரி எடுத்து வேற போன்ல போட்டுக்க முடியாது. திரும்ப இங்கதான் வரணும்."

சிம் கிடைக்காத கோபத்தில் போனையே உடைத்துவிடுவானோ? பிலோமினா வெகுநேரம் யோசித்தாள்.

"மாத்திடும்மா."

புதன்கிழமை சண்டை வந்தது. அலெக்ஸ் ஊசியால் குத்தி சிம் தட்டை வெளியே இழுத்தான். காலியாக இருந்தது.

"சிம் எங்க?"

"உள்ளயேதான் இருக்கு. இனிமே எடுக்க முடியாது."

போனை ஓங்கினான். அவள் கண்களை மூடிக்கொண்டாள். அவன் அதைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியேறினான்.

போன் உடையவில்லை. அதை எடுத்து ஹெப்பகோடியிலிருக்கும் தங்கையை அழைத்தாள்.

"நான் அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"