ரெபேக்கா கத்திய ஓசன்னா

எதிர்வீட்டுச் சிறுமி குருத்தோலையில் மடித்த சிலுவை ஒன்றை நேற்று என் கையில் வைத்து, "ஓசன்னா டீச்சர்!" என்று சிரித்தபடி ஓடினாள். பச்சை ஓலை வாசம் மூக்கில் ஏறியதும் என்னையறியாமல் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தேன். இத்தனை வயதில் இப்படியொரு பயமா என்று சிரிக்காதீர்கள், கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். பசுமலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பக்கத்து வகுப்புக்கு ரெபேக்கா. அவள் பேசினால் திருப்பரங்குன்றம் வரை கேட்கும். எங்கள் வீட்டில் முருகனைத் தவிர வேறு சாமி கிடையாது. "பிள்ளைகளப் பாத்துக்க ஆள் வேணும், வாடி" என்று அவள் கூப்பிட்டதால்தான் அவர்கள் சர்ச்சின் குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துக்குப் போனேன். முடிந்ததும் தருகிற பன்னும் காப்பியும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் ஓலையை ஆட்டி, ஓசன்னா ஓசன்னா என்று கத்திக்கொண்டு நடந்தார்கள். நம் அரோகரா மாதிரி ஏதோ என்று நினைத்தேன். சாலையோர ஆலமரத்தடியில் போகும்போது தலைக்கு மேல் இரைச்சல். மலைத்தேனீக் கூடு. எவன் கல்லெறிந்தானோ, பருந்துதான் கொத்தியதோ, வெயில் மங்குகிற அளவுக்குத் தேனீக்கள் இறங்கின.

கைக்கு அகப்பட்ட பிள்ளைகளை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குள் விழுந்தேன். திரும்பிப் பார்த்தால், என் வகுப்புச் செல்வி நடுச்சாலையில் அசையாமல் நிற்கிறாள். பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு வாசலுக்கு வந்தேன். அதற்குள் ரெபேக்கா ஓடிப்போய், குழந்தையைச் சேலையால் மூடி, மேலே கவிழ்ந்துகொண்டு அலறினாள்: "ஓசன்னா! ஓசன்னா!"

பயத்தில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். கடைக்காரர் சாக்கைக் கொளுத்திப் புகையோடு ஓடினார். அப்புறம்தான் தேனீக்கள் விலகின.

செல்விக்கு ஒன்றிரண்டு கொட்டுதான். ரெபேக்காவுக்கு முகமெல்லாம் கொட்டி, அடையாளமே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்ததும் கேட்டேன், "அந்நேரத்துல என்னடி பாட்டு?"

"பாட்டு இல்லடி. எபிரேயத்துல 'காப்பாத்து, இப்பவே காப்பாத்து'ன்னு அர்த்தம்" என்றாள் வீங்கிய உதட்டோடு. "சின்னப்பிள்ளைலருந்து எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன். அன்னைக்குத்தான் நெசமாச் சொன்னேன்."

எப்போதோ யாரோ அலறிய அலறல், காலப்போக்கில் ஆரவாரமாகிவிட்டது போலும்.

அடுத்த வருடமும் ஊர்வலம் போனது. எல்லோரும் சிரித்தபடி கத்தினார்கள். நாங்கள் இருவர் மட்டும் கிளைகளை அண்ணாந்து பார்த்தபடி, மெதுவாகச் சொன்னோம்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த ஆலமரம் போனது. ரெபேக்காவும் போய்விட்டாள். அந்தச் சொல்லைப் பயந்துகொண்டு சொல்ல, இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.