ஜன்னல் படியில் வைத்த குப்பி

எங்கள் பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அதைப் போட்டவன் நான். மீறியவனும் நான்தான்.

பட்டறை என்றால் கோட்டாற்றில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை. நானும் என் கூட்டாளியும் இருபது வருடத்துக்கு மேல் அங்கே மரத்தில் பூவேலை செய்தோம். குர்ஆனை விரித்து வைத்து ஓதுகிற ரிஹால் பலகை, வீட்டுப் பெயர்ப்பலகை, நிலைக்கு மேலே வைக்கிற கொடிப்பூ. எல்லாம் ஒரு ஸ்க்ரோல் சா மெஷினை நம்பித்தான். நூல் மாதிரி மெல்லிய பிளேடு மேலும் கீழும் துடிக்கும். பலகையை நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிளேடைப் பிடித்திருக்கும் மேல்கை, கீழ்க்கை என்ற இரண்டு இரும்புக் கைகளும் பின்பக்கம் பேரிங்குகளில் உட்கார்ந்து ஆடுகின்றன. மற்ற பேரிங்குகளைப் போல இவை முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருக்கும். எண்ணெய் காய்ந்தால் அந்த இடத்திலேயே தேய்ந்துபோகும்.

வெட்டுவதில் அவன்தான் கெட்டிக்காரன். அவன் வெட்டிய கொடியில் விரலை வைத்து ஓட்டினால் எங்கும் தட்டாது. சர்க்கரை வியாதி அவன் கண்ணில் ஏறியது. கொஞ்ச காலம் கோட்டைத் தடிமனாக வரைந்து பார்த்தான். பிறகு ஒரு நாள் ஸ்டூலை விட்டு எழுந்தான்.

"இனி நீ இரிலே. எனக்கு கோடு ரெண்டா தெரியுது. ரெண்டுல எத வெட்டணும்னு கேட்டா பிளேடு பதில் சொல்ல மாட்டங்கு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நான் "ம்" என்றேன். எனக்கு வாயில் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நல்லதுக்கும் ம், கெட்டதுக்கும் ம்.

அன்றிலிருந்து உப்புத்தாள் போடுவதும் மெஷினுக்கு எண்ணெய் விடுவதும் அவன் வேலையாயின. இரண்டுக்கும் விரல் போதும். அவனுக்காகத்தான் அந்தச் சட்டத்தைப் போட்டேன். எண்ணெய்க் குப்பி ஜன்னல் படியில் இடது ஓரம். ஸ்பேனர் ஆணியில். துணி மெஷின் கைப்பிடியில். அவன் கை நேராக அங்கே போகும், பார்க்கவே மாட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும் முன் பிளேடைக் கழற்றிவிட்டு மெஷினை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்போம். வார்ப்பிரும்பு, இரண்டு பேர் பிடித்தால்தான் அசையும். அவன் மூடியைக் கழற்றி, பேரிங்கின் வாயை விரலால் தடவிப் பார்த்து, துளித் துளியாக எண்ணெய் விடுவான். நாங்கள் தொழுதுவிட்டு வரும்வரை அது ஊறும். வந்ததும் மறுபக்கம் புரட்டி, அந்தப் பக்கம் விடுவோம். மற்ற நாட்களில் காலையில் மேலுக்கு இரண்டு சொட்டு. சத்தத்தைக் கேட்டே சொல்லுவான், "கீழ்க்கைக்கு தாகமெடுக்குலே" என்று. சரியாக இருக்கும்.

போன மார்கழியில் வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் மகள் நிக்காஹுக்கு ரிஹால் கேட்டார். நல்ல அயனி மரத்துப் பலகை. படம் வரைந்த தாளைப் பலகையில் ஒட்டி, கோட்டின்மேல் வெட்டுவது வழக்கம். அந்த முறை வாங்கிய பசை மோசம், வெட்டி முடித்த இடத்தில் தாள் உரிந்து வரவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் பசை விடும் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். பாட்டில் கையில் வழுக்குகிறதென்று பழைய குப்பி ஒன்றில் ஊற்றினேன். மெஷின் எண்ணெய்க் குப்பியும் அதே மாதிரிதான், அதே நீள மூக்கு. வேலை செய்ய இடம் வேண்டுமென்று ஜன்னல் படியில் இருந்ததை எடுத்து எங்கோ தள்ளிவைத்தேன். தேங்காய் எண்ணெயை அந்த இடத்தில் வைத்தேன். அப்புறம் மறந்துபோனேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ரிஹால் முடியும் தறுவாய். ரிஹால் கேட்டவர் பார்க்க வந்து இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பூவின் இதழை வெட்டிக்கொண்டிருந்தேன். கீழ்க்கை ஒரு முறை கிறீச்சிட்டது. பேரிங் இறுகி, பிளேடு ஒடிந்து, பலகை என் கையிலிருந்து துள்ளியது. இதழ் உடைந்து தரையில் விழுந்தது.

மூடியைக் கழற்றினேன். உள்ளே மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து மெழுகாக உறைந்திருந்தது. முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

வாயில் பேச்சு வராத எனக்கு அன்றைக்கு மட்டும் வந்தது. வந்தவர் முன்னாலேயே சொன்னேன்:

"கண்ணு தெரியாதவன நம்பி மெஷின குடுத்தேம்லா, எனக்கு இது வேணும்."

அவன் உப்புத்தாளைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். அந்தத் துணியை மெஷின் கைப்பிடியிலேயே மாட்டினான். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். மறுநாள் வரவில்லை. அடுத்த வாரம் ஆரல்வாய்மொழியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

பேரிங்கை மாற்றினேன். புதுப் பலகையில் முதலிலிருந்து வெட்டினேன். பழுப்பு வார்னிஷ் தேடி அலமாரியைத் துழாவியபோது, டப்பாக்களுக்குப் பின்னால் மெஷின் எண்ணெய்க் குப்பி இருந்தது, கழுத்துவரை எண்ணெயோடு. அதை அங்கே தள்ளிவைத்தது நான்தான் என்று ஞாபகம் வந்தது. அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஏதோ ஒரு காலை, நான் ஒரு வளைவில் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று அவன் கேட்டான், "ஏலே, இதுல தேங்கா எண்ணெ வாசம்லா வருது. இதத்தான் விடச் சொல்லுதியா?" நான் என்ன கேட்டானென்று கவனிக்காமல் "ம்" என்றேன்.

அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லி, அழைத்துவர வேண்டும். இரண்டு முறை பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறைதான் ஏறினேன்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைச் சாமான்களைப் பழுதுபார்க்கிற ஷெட் ஒன்றில் வேலை செய்கிறான் என்று மகள் வீட்டில் சொன்னார்கள். வெளியே காற்று ஆளைத் தள்ளியது. அவன் உள்ளே தரையில் உட்கார்ந்து, தட்டு அளவு பேரிங் ஒன்றை மடியில் வைத்து, உள்ளங்கையால் கிரீஸை அப்பிக்கொண்டிருந்தான். நிழலைப் பார்த்துத் தலையைத் தூக்கினான்.

"யாரு?"

நான் தொண்டையைச் செருமினேன்.

"ஓ, நீயா. வா, இரி. அங்க சிந்திக் கெடக்கு, பாத்து. வேட்டி வெளுத்ததுலா உடுத்திருப்ப."

உட்கார்ந்தேன். "குப்பிய மாத்தி வச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்ப தெரிஞ்சுது?"

"அன்னைக்கே. கேட்டேம்லா ஒங்கிட்ட. நீ ம்ன்ன. ஒனக்க வீட்டு எண்ணெ வாசம் எனக்குத் தெரியாதா? எத்தன நாள் ஒனக்க சோத்த தின்னிருக்கேன்."

"பொறவு ஏன் சொல்லல்ல? அந்த ஆளு முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா."

அவன் பேரிங்கை ஒரு முறை சுற்றிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டான்.

"என்னத்த சொல்ல? எண்ணெய நான் மாத்தல்லன்னு சொல்லலாம். கண்ணு தெரியும்னு சொல்ல முடியுமா?"

"வா மக்கா. பட்டறைக்கு வா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"இஞ்ச யாருக்கும் எனக்க கண்ணப் பத்தி பேச்சில்ல. கைய மட்டும்தான் பாக்கானுவ. அங்க வந்தா நீ ஒவ்வொரு சாமானா பாத்துப் பாத்து எடுத்து வைப்ப. பாவம்னு நெனச்சு வைப்ப. அது எனக்கு வேண்டாம்." பிறகு குரலை மாற்றிக்கொண்டான். "அது போட்டும். டீ குடிக்கியா? இந்தக் காத்துக்கு டம்ளர் நிக்காது, கையிலேயே பிடிச்சுக் குடிக்கணும்."

குடித்தோம். பேருந்து ஏறும் முன் ஒரு பிளாஸ்டிக் உறையில் கொஞ்சம் கிரீஸைப் பொதிந்து தந்தான். "மோட்டார் பேரிங்குக்கு வை. நெறைய அடைக்காத, சூடாகும். பாதி போதும். மெஷின் கைக்கு எண்ணெயேதான், கேட்டியா?"

நான் "ம்" என்றேன்.

இந்த வெள்ளிக்கிழமை மெஷினைப் படுக்கவைக்கப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார். எண்ணெய்க் குப்பி ஜன்னல் படியில் இடது ஓரத்திலேயே இருந்தது. குப்பியின் மூக்கை முகர்ந்து பார்த்துவிட்டு எண்ணெய் விட்டேன். தொழுதுவிட்டு வந்தேன். மறுபக்கம் புரட்ட வேண்டும். அவரை இன்னொரு முறை கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்று கூப்பிட்டால் ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு முறை கூப்பிட வேண்டும். தனியாகப் பிடித்துப் பார்த்தேன், அசையவில்லை.

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை மெஷின் ஒருபக்கமாகவே கிடந்தது. நான் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.