இலேசான சிலுவை

சிலுவையை மாற்றச் சொன்னவன் நான்தான். முந்தைய ஆண்டு பெரிய வெள்ளியன்று, கடலூரில் எங்கள் கோவிலைச் சுற்றிச் சிலுவைப் பாதை ஊர்வலம் சென்றபோது, பெரியவர் ஒருவர் பழைய வேப்பமரச் சிலுவையோடு இடறி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். இன்னொருவர் விழக் கூடாது என்றேன். கோவில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையில் யாரும் மறுக்கவில்லை. விளைவுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு நம்பிக்கை இருந்தது.

நான் வேலை பார்க்கும் சிதம்பரத்தில், ஒரு தச்சரிடம் ஒட்டுப்பலகையில் உள்ளே கூடாக ஒன்று செய்து, மரநிறம் பூசி வாங்கினேன். நீளம் அதேதான், எடையில் கால்பங்குகூட இல்லை. ஒற்றைக் கையில் பிடித்தபடி பேருந்தில் ஏறினேன்.

"இன்னா சார், ஏசுவ வுட்டுட்டு சிலுவைய மட்டும் எடுத்துக்கினு போறீங்க?" என்றார் நடத்துனர். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளிலும் நிலைக்கு ஒரு வீட்டார் சிலுவையைத் தோளில் வாங்குவது எங்கள் வழக்கம். வழிப்போக்கன் ஒருவனைப் பிடித்து நிறுத்தி, இயேசுவின் சிலுவையைச் சுமக்கச் செய்த ஐந்தாம் நிலை, எங்கள் தெரு அக்காவுடையது. அவர் கணவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் படுத்து ஐந்து ஆண்டுகள். அவர் விழுந்த ஆண்டிலேயே அந்த நிலையை அக்கா கேட்டு வாங்கியிருந்தார்.

இந்த ஆண்டு ஐந்தாம் நிலையில், பழகிய எடையை எதிர்பார்த்து, கால்களை ஊன்றிக்கொண்டு அக்கா தூக்கினார். சிலுவை விசுக்கென்று அவர் தலைக்கு மேலே போய்விட்டது. யாரோ சிரித்தார்கள். அவர் முகம் வெளிறிப்போனது.

"என்னா தம்பி இது, அட்டையா?"

"பலகதாங்க்கா. நான்தான் மாத்தச் சொன்னேன். ஒங்களுக்கும் கஷ்டமில்ல பாருங்க."

"நான் கேட்டனா?"

பாட்டு தொடங்கிவிட்டது. அவர் நடந்தார். பழைய சிலுவை என்றால் அதன் அடியைத் தாங்க நான்கு பேர் பின்னால் வருவார்கள். இந்த முறை யாரும் வரவில்லை. வரத் தேவையே இல்லை. அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். திகைத்துப்போய் நான் ஓடி அடியைப் பிடித்தேன். சிலுவை முன்னால் சாய்ந்து, குறுக்குக்கட்டை அவர் தோளில் இடித்தது.

"வுடு தம்பி. இதுக்கு எதுக்கு ரெண்டு ஆளு?"

எல்லாம் முடிந்து, கோவில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே அக்கா சொன்னார்: "வூட்ல அவர தூக்கறப்போ ஒருத்தரும் வர்றதில்ல. ஜெபம் பண்ண வருவாங்க, ஆறுதல் சொல்ல வருவாங்க. தூக்க மாட்டாங்க. வருஷத்துல இந்த ஒரு நாளுதான் என் பின்னாடி நாலு கை வரும். ஆண்டவருக்கே ஒரு ஆளு வேண்டியிருந்துச்சே, நமக்கும் வராங்க பாருன்னு மனசு தெம்பாயிடும். அத வெச்சே ஒரு வருஷத்த ஓட்டிடுவேன்."

ஜெபம் செய்யப் போனவர்களில் நானும் ஒருவன். ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தக் கட்டிலைத் தொட்டதில்லை. ஒருவர் விழாமலிருக்க வழி தேடிய நான், மற்றவர்களின் கைகளுக்கு இருந்த வேலையையும் அல்லவா எடுத்துவிட்டிருந்தேன்?

"காலையில எத்தன மணிக்கு அவர ஒக்கார வெப்பீங்க?"

"ஆறு மணிக்கு. எதுக்கு?"

மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். அக்கா தோள்பக்கம், நான் கால்பக்கம். ஓர் உடல் இவ்வளவு கனக்கும் என்று நான் எண்ணியதே இல்லை. கை நழுவியது.

"நல்லா புடி தம்பி," என்றார் அக்காவின் கணவர். "நான் அட்டையில்ல."