எம்சீலுக்குள்ள ரெண்டு ஓட்ட

தூத்துக்குடியிலேர்ந்து மணப்பாடு வரைக்கும் நான் மாட்டுன ஆன்டெனாவுல ஒண்ணுகூட சொதப்புனதில்ல.

சும்மா சொன்னேன். சொதப்பாதத எண்ணத்தான் ஒரு கை வெரலு போதும். அஞ்சாப்போட படிப்ப நிறுத்திட்டு மீன்பிடி போட்டுல இஞ்சின் மெக்கானிக்கா கெடந்தவன் நான். இஞ்சின்ல ஒரே சட்டம்: திருகு மரை ஏறிச்சா சாமான் சரி. அந்தப் புத்தியோடதான் ரவுட்டரையும் தொட்டேன். புதுசா இந்த வேலைக்கு வார மேதைகளும் அப்டித்தான் தொடுதீங்க, அதான் எழுதுதேன்.

புன்னைக்காயல்ல செல்வின்னு ஒரு பொண்ணு. புருஷனுக்குக் கப்பல்ல வேல. பொறந்த பிள்ளைய போட்டோவுல பாத்ததோட சரி. அன்னைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கப்பல் எங்கயோ துறைமுகத்துல நிக்கி. அஞ்சு மணிக்குக் கெளம்பிட்டுன்னா அவருக்கு நெட்டு கெடையாது. அதுக்குள்ள வீடியோவுல பிள்ளையக் காட்டணும். வீட்டுல போனுக்கு ஒத்தக் கோடுதான் சிக்னல். அதனால மாடியில சிம் போடுத வைஃபை ரவுட்டர், கம்பத்துல வெளி ஆன்டெனா, நடுவுல கேபிள்.

கேபிள் முனையில கனெக்டர நாந்தான் அமுக்கி கிரிம்ப் பண்ணுனேன். பையில ரெண்டு ஜாதி கனெக்டர் கெடந்துச்சு, எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ. வெளிய பாத்தா ரெட்டப் பிள்ளைய. கைக்கு வந்தத எடுத்தேன். ரவுட்டர்ல வச்சுத் திருகுனா வெண்ண மாதிரி ஏறிச்சு. கடக்காத்து அரிச்சிரக் கூடாதுல்லா? போட்டுல செய்யித மாதிரி மேல எம்சீல் பசைய உருட்டி அப்பிட்டேன். கல்லா இறுகிட்டு, என் மண்ட மாதிரி.

சிக்னல் வரல.

"கோயில் கோபுரம் மறைக்கி"ன்னேன். கம்பத்தத் திருப்புனேன். "சிம்மு சரியில்ல"ன்னேன். "கடல்ல இன்னைக்கு அலை சாஸ்தி"ன்னேன்.

மணி நாலே கால். செல்வி பட்டுச்சேலையும் இடுப்புல பிள்ளையுமா மாடிக்கு வந்தா.

"ஏன் அண்ணாச்சி, நேத்து வரைக்கும் கடல்ல அலையே இல்லியோ? அந்தப் பூச்ச ஒடச்சுப் பாரும்."

"ரவுட்டர் ஒடஞ்சிரும்மா."

"இப்ப மட்டும் ஓடுதாக்கும்?"

கீழ போயி அருவாளக் கொண்டாந்து குடுத்தா. அதோட முதுகால தட்டுனேன். எம்சீல் பொட்டுன்னு தெறிச்சு விழுந்துச்சு. திருகிக் கழத்துனேன். அவ ரெண்டுலயும் எட்டிப் பாத்தா.

"ரவுட்டர்லயும் ஓட்ட, நீரு மாட்டுனதுலயும் ஓட்ட. தண்டு இல்லாத கம்மலுக்குத் திருகாணி போட்டா காதுல நிக்குமா அண்ணாச்சி?"

எனக்கு வாயில ஈ போனதுகூடத் தெரியல. கேபிள் முனைய வெட்டிட்டு, நடுவுல ஊசி உள்ள எஸ்எம்ஏவ எடுத்து கிரிம்ப் பண்ணித் திருகுனேன். நாலு கோடு! மணி நாலே முக்கா. போன்ல அவ புருஷன் முகம் வந்துச்சு. பிள்ள தாடியப் பாத்து வீல்னு கத்துச்சு. செல்வி வாயப் பொத்தப் போனா.

"கத்தட்டும்ளா, கத்தட்டும். நல்லா கேக்கு"ன்னாரு.

கப்பல் சங்கு ஊதுனது போனு வழியா எங்க மாடி வரைக்கும் கேட்டுச்சு.

அதனால திருகுததுக்கு முந்தி உள்ள எட்டிப் பாருங்க. ரவுட்டர்ல ஓட்டைன்னா கனெக்டர்ல ஊசி வேணும். அங்க ஊசின்னா இங்க ஓட்ட. ரெண்டும் ஊசின்னா இறுக்காதீங்க, வளஞ்சிரும். மரை எல்லாத்துலயும் ஏறும். அதுக்கு வெக்கம் கெடையாது. ரெண்டாவது பாடம் என்னன்னா...

"ஏங்க! ஊருக்கெல்லாம் பாடம் எழுதுதீயளே, நம்ம வீட்டுல நெட்டு வராம மூணு நாளாச்சு. அருவாள எடுத்துட்டு வரட்டுமா?"

இந்தா வாரேன்.